மெஷினின் நெற்றியில் ஒட்டிய வரி

கட்டுகஸ்தோட்டை
வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பின்

அன்பு மகன் ஷிஹாபுக்கு, வாப்பா மக்கீன் சொந்தக் கையால் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கத்தாரில் நீ சுகமாக இருக்க துஆ செய்கிறேன். எழுத்துகள் மேலேயும் கீழேயும் போவதற்கு மன்னித்துக்கொள். எழுபத்தொரு வயதில் எழுதப் படிக்கத் தொடங்கி நாலே மாதம். இவ்வளவுக்கே அரை மணித்தியாலம் போய்விட்டது, ஆனால் விடமாட்டேன்.

விஷயம் உன் தாத்தா, என் மூத்த மகள் ஆஸிகாவின் சர்வர். சனிக்கிழமை பத்து மணிக்கு நானூறு பிள்ளைகள் வீட்டிலிருந்தே ஒன்லைனில் அதில் மாதிரிப் பரீட்சை எழுத வருவார்கள், மெமரி நிறையும், மெஷின் விழும், விடைகளும் போகும். இரண்டு கிழமையாக இப்படித்தான். நாளைக்கும் விழுந்தால் டியூஷன் மாஸ்டர்மார் வேறு இடம் பார்ப்பார்களாம். பழைய மெஷின், மெமரி கூட்ட ஏலாது. டிஸ்க்கில் இடம் ஒதுக்கி ஸ்வாப் போடச் சொன்னாயே, எனக்கு உடனே விளங்கிவிட்டது. நம் கம்பளைக் கடையில் ராக்கை நிறைந்தால் ஓடாத சாமானைப் பின்னால் ஸ்டோருக்குத் தள்ளுவோமே, அதுதானே? எடுத்துவர நேரமாகும், ஆனால் கடை மூடாது. ஆஸிகா, "பதினாறு ஜீபீ போடுவம் வாப்பா" என்றாள். "பைத்தியமா மகள்? அவ்வளவு பெரிய ஸ்டோர் இருந்தா முழு நாளும் அங்கயும் இங்கயும் ஓட்டம்தான், யாவாரத்த யார் பாக்கிற?" என்றேன். மெமரி நாலு, ஸ்வாப்பும் நாலு என்று முடித்தோம். ராக்கை நிறையுமுன்னே சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடாதே என்று மெஷினுக்குச் சொல்ல ஒரு இலக்கம் இருக்கிறதாம். அறுபதைப் பத்தாக்கினாள்.

"இன்னும் ஒரு வரிதான் வாப்பா. மெஷின் எழும்பக்க வாசிக்கிற பட்டியல்ல இத எழுதாட்டி, கரண்ட் போய் வந்தா ஸ்வாப்ப மறந்துரும்" என்றாள். என் கையால்தான் எழுதுவேன் என்று நின்றேன். பட்டியலைத் திரையில் திறந்து, வரியை ஒரு துண்டில் எழுதித் தந்துவிட்டு வகுப்பெடுக்கப் போனாள். நான் யோசித்தேன். மறதிக்காரனிடமே ஞாபகத்தைக் கொடுத்து வைப்பதா? அறுபது வருஷம் எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்துத் தொலைத்தவன் நான். ஆகவே தடித்த தாள் எடுத்து, அந்த இங்கிலீஷ் எழுத்துகளைப் படம்போலப் பார்த்து வரைந்து, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மெஷினின் நெற்றியில் நாலு மூலைக்கும் டேப் போட்டு ஒட்டினேன். "எழுதியாச்சா வாப்பா?" என்று வந்து கேட்டாள். "அழியாம எழுதியாச்சு" என்றேன். இனி இடி விழுந்தாலும் பயமில்லை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல தூக்கத்தையும் தரட்டும். உம்மாவின் ஸலாம்.

வாப்பா

பி.கு.: சனி பகல். மேலே எழுதியதை நம்பாதே. விடிய ஹந்தானை மலைப் பக்கம் இடி, கரண்ட் போய் வந்தது. ஸ்வாப் பூச்சியம். என் தாள் மட்டும் அசையவில்லை. ஆஸிகா அதைப் பார்த்துவிட்டு, "இத வாசிக்க மெஷினுக்குக் கண்ணாடி போட்டு விட்டீங்களா வாப்பா?" என்றாள். கதிரையை இழுத்துப்போட்டு, ஒரே விரலால் இருபது நிமிஷம் தட்டி, பட்டியலில் நானே எழுதினேன். அவள் "சரி" என்று சொல்லி முடிக்குமுன் பிளக்கைப் பிடுங்கினேன். "வாப்பா!" என்ற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். திரும்பச் செருகினேன். ஸ்வாப் நாலு, நாலாகவே இருந்தது. பத்து மணிக்கு மெஷினுக்கு மூச்சு வாங்கியது, விழவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் எழுதி முடித்தார்கள், என்னோடு சேர்த்தால் நானூற்றுப் பதின்மூன்று. அடுத்த கிழமையும் எழுதுவேன், எங்கே எழுதுவது என்று கேட்டுவிட்டு.