பலவேசத்தின் பன்னிரண்டு நாள் பத்தியம்

"இனிமே இந்த உடம்புக்குள்ள ஒத்தப் பருக்கை சோறு போகாது!"

முக்கூடலில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் பலவேசம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இப்படிச் சபதம் போட்டார். போட்ட கையோடு மேசையில் ஓங்கி ஒரு குத்து. ரசம் துள்ளியது. மனைவி இசக்கித்தாய் மட்டும் துள்ளவில்லை.

"டாக்டரா சொன்னாக?"

"பின்ன, நானா சொல்லுதேன்? சுகர் எட்டிப் பாக்குதாம். சோறு, இட்லி, தோசை ஒண்ணும் ஆகாதாம். மாவுச்சத்தே விஷமாம்."

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. "சோத்தை விட்டுராதிய அண்ணாச்சி. தட்டுல பாதி காய் இருக்கட்டும். கால்வாசி பருப்போ மீனோ. மிச்சக் கால்வாசிக்குச் சோறு வச்சு, நல்லா ரசிச்சுச் சாப்பிடுங்க" என்றுதான் அந்த நல்ல மனுஷன் சொன்னார். அதை வீட்டுக்கு வரும் வழியில் பலவேசம் வேண்டுமென்றே தொலைத்துவிட்டார்.

காரணம் இருந்தது. மகள் கலைச்செல்விக்குப் பாபநாசத்தில் ஒரு வரன். பையனுக்கு மின்நிலையத்தில் வேலை. மகளுக்குப் பிடித்துவிட்டது, தாய்க்கும் பிடித்துவிட்டது. பலவேசத்துக்கும் பையனைப் பிடிக்கும். பையனின் அப்பா மணிராஜைத்தான் பிடிக்காது. பள்ளிக்கூட நாளில் பாபநாசத்து ஆற்றில் குளிக்கப் போனபோது, பலவேசத்தின் புதுச்செருப்பை ஒளித்து வைத்து, சித்திரை வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடக்கவிட்ட படுபாவி அவர். முப்பத்தைந்து வருஷமாகியும் பலவேசத்துக்கு உள்ளங்கால் ஆறவில்லை.

செருப்புக்காகச் சம்பந்தம் வேண்டாம் என்று இசக்கித்தாயிடம் சொல்ல முடியுமா? சொன்னால் வீட்டிலிருக்கிற செருப்பு வேறு வேலைக்கு வரும். அதனால்தான் இந்தத் திட்டம். பன்னிரண்டாம் நாள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும். பெண்ணைப் பெற்றவன் அங்கே காப்பி குடித்தால் ஒன்றுமில்லை. சோற்றில் கை நனைத்தால் முடிந்தது, சம்பந்தம் உறுதி. சோறே தின்னாதவன் எப்படிக் கை நனைப்பான்? நனைக்காமல் எழுந்துவிட்டால் பேச்சு தானாக ஆறிப்போகும், பழியும் டாக்டர் தலையில் விழும்.

"சரி, உங்க உடம்புதான முக்கியம்" என்றாள் இசக்கித்தாய். கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் அவள் எதற்கும் இவ்வளவு லேசாகச் சரி சொன்னதில்லை. மனுஷன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் அவித்த முட்டை. மத்தியானம் பீர்க்கங்காய்க் கூட்டு. ராத்திரி வெள்ளரிக்காய். தாயும் மகளும் மட்டும் எதிரே உட்கார்ந்து சோற்றில் அயிரை மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்தார்கள். மூன்றாம் நாள் பலவேசத்துக்குக் கனவில் இட்லி வந்தது. நான்காம் நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டார்.

"ஏளா, ரெண்டே ரெண்டு இட்லி..."

"இட்லி என்ன, செங்கல்லுலயா செய்யுதேன்? அரிசிதான அதுவும்!"

"அப்ப சப்பாத்தி?"

"அது அரிசிக்கு ஒண்ணுவிட்ட தம்பிலா. மாவுச்சத்தே விஷம்னு நீங்கதான சொன்னிய?"

"ஒரு சீனிக்கிழங்காவது..."

"மண்ணுக்குள்ள ஒளிஞ்சிருந்தா எனக்குத் தெரியாதாக்கும்! பேசாம முட்டையைத் தின்னுங்க."

பைய நழுவி ஆமிர் டீக்கடைக்குப் போனார். வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது. கை நீட்டினார். ஆமிர் தட்டை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, மன்னிக்கணும். அக்கா நேத்தே வந்து சொல்லிட்டாக. உங்களுக்குப் பஜ்ஜி குடுத்தா எனக்குக் கடை இருக்காதாம்."

இப்படியே பதினோரு நாள். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு குதூகலம். இன்னும் ஒரே நாள் பல்லைக் கடித்தால் போதும், மணிராஜ் மூஞ்சியில் கரி!

பன்னிரண்டாம் நாள் பாபநாசம். மணிராஜ் வாசலுக்கே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். பலவேசம் விறைப்பாகக் காப்பியைக் குடித்தார். கிளம்பலாம் என்று தொண்டையைச் செருமிய நேரத்தில் அடுக்களையிலிருந்து அந்த வாசனை வந்தது. வறுத்த கறுப்பு உளுந்து, பூண்டு, தேங்காய். உளுந்தஞ்சோறு! அடப்பாவிகளா!

இலை விழுந்தது. ஒரு பக்கம் அவியல், பீன்ஸ் பொரியல், நடுவில் ஆவி பறக்கும் சோறு, ஓரத்தில் எள்ளுத் துவையல். பரிமாறிக்கொண்டிருந்த மணிராஜின் மனைவி மாரிக்கண்ணுவை இசக்கித்தாய் ஓடிப்போய்த் தடுத்தாள்.

"மதினி, அவுகளுக்கு வேண்டாம்! டாக்டர் சோத்தைக் கண்ணால பாக்கக்கூடாதுன்னுட்டாக. இலையை எடுத்துருங்க."

மாரிக்கண்ணு இலையைத் தொட்டாள். பலவேசத்தின் உயிர் இலையோடு போனது. அவருடைய கை தன்பாட்டுக்கு இலையின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

"ஏளா, சும்மா இரி! நாலு பேரு ஆசையா போட்டதை வேண்டாம்னா மரியாதையா இருக்குமா?"

"ஐயோ, உங்க உடம்பு..."

"உடம்பு கிடக்கு சவம்!"

முதல் கவளம் உள்ளே போனது. இரண்டாவது. மூன்றாவதில் கண்ணில் நீர் திரண்டது. நான்காவது உருளும்போதுதான் மணிராஜின் குரல் கேட்டது.

"சம்பந்தி கை நனைச்சிட்டாரு! மாரி, வெத்திலைத் தட்டை எடுத்துட்டு வா!"

பலவேசம் நிமிர்ந்தார். வாய் நிறையச் சோறு. இல்லை என்று சொல்ல வாயில் இடமில்லை. சுவரோரம் நின்ற கலைச்செல்வியின் முகம் அப்படிப் பூத்திருந்தது. அதைப் பார்த்ததும் பெற்ற மனசு இளகிவிட்டது. இனி இல்லை என்று சொல்ல மனசிலும் இடமில்லை. மணிராஜ் குனிந்து காதோரம் சொன்னார்:

"நிம்மதியா சாப்பிடும் வே. செருப்பு வாசல்லதான் கிடக்கு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இசக்கித்தாய் பர்ஸைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். டாக்டர் கையெழுத்து. வட்டமாக ஒரு தட்டுப் படம், பாதியில் காய், கால்வாசியில் பருப்பு, கால்வாசியில் சோறு.

"இது எப்பளா வாங்குன?"

"நீங்க சபதம் போட்ட அன்னைக்குச் சாயந்திரமே."

"அடிப்பாவி! தெரிஞ்சிருந்துமா பன்னெண்டு நாளும் என்னைப் பட்டினி போட்ட?"

இசக்கித்தாய் சீட்டை மடித்துப் பத்திரமாக உள்ளே வைத்தாள்.

"அன்னைக்கே சோறு போட்டிருந்தா, இன்னைக்கு அங்கன கை நனைச்சிருப்பியளா?"