இரண்டு பக்கமும் காலி

திரையில் ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. சின்னவனுக்கு அதனால்தான் பயம் பிடித்தது.

பெரியப்பாவின் போட்டோ ஸ்டுடியோவில், கழித்த படங்களை அழிக்க அவன் சி மொழியில் ஒரு நிரல் எழுதியிருந்தான். முதல் வரி, கணினியிடம் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல்லைக் கூப்பிட்டு, 'குப்பை' என்ற உள் ஃபோல்டருக்குப் போகச் சொல்லும். அடுத்த வரி, அங்கிருக்கும் படங்களை அழிக்கச் சொல்லும். ஓட்டிப் பார்த்தான். குப்பை அப்படியே இருந்தது. அதற்கு வெளியே, வேலை ஃபோல்டரில் இருந்த நீதிபதி வீட்டுக் கல்யாணப் படங்களைத்தான் காணவில்லை.

மூன்று தலைமுறையாக அந்த ஸ்டுடியோவில் எவர் படமும் தொலைந்ததில்லை. அந்தப் பெயரை வைத்துத்தான் அந்தக் குடும்பம் தலைநிமிர்ந்து நடந்தது.

நண்பனுக்குப் போன் செய்தான்.

"கட்டளையைக் கையால அடிச்சா சரியாத்தான்டா வேலை செய்யுது. நிரல்ல இருந்து கூப்பிட்டா..."

"ரெண்டு கட்டளையும் தனித்தனியாக் கூப்பிட்டியா?"

"ஆமா."

"போச்சு போ. ஒவ்வொரு தடவையும் புது ஷெல் பிறக்கும்டா. முதல் ஷெல் குப்பைக்குள்ள போச்சு, போனதும் செத்துப்போச்சு. ரெண்டாவது, உன் நிரல் நின்ன இடத்துலயே பிறந்து அங்க இருந்ததைத் துடைச்சிடுச்சு. ரெண்டையும் ஒரே வரியில சேர்த்திருக்கணும். பேக்கப் இருக்குல்ல?"

இருந்தது. வேலை ஃபோல்டரையும் பேக்கப் டிஸ்க்கையும் ஒன்றுபோல ஆக்க இன்னொரு நிரல் வைத்திருந்தான். இந்த முறை கட்டளைகளை ஒரே வரியில் சேர்த்து ஓட்டினான். அழகாக ஓடியது. எதைப் பார்த்து எது மாறும் என்பதை மட்டும் அவன் கவனிக்கவில்லை. காலி ஃபோல்டரைப் பார்த்து பேக்கப்பும் காலியானது.

டிஸ்க்கைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தான்; காலிதான்.

வரவேற்பு மேஜை அக்கா எட்டிப் பார்த்தாள். "என்ன தம்பி, முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்னா சரி." போய்விட்டாள்.

அடுத்து கதவருகே பெரியப்பாவின் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"நீதிபதி வந்திருக்கார்டா. படம் ரெடியா?"

"மெருகேத்திட்டு இருக்கேன் பெரியப்பா." அதுவரை அவரிடம் அவன் பொய் சொன்னதில்லை.

பெரியப்பா பின்னால் திரும்பினார். "கேட்டீங்களா? எங்க வீட்டுப் பிள்ளை, தன் கையாலயே மெருகேத்துறானாம். உள்ள வாங்க, நீங்களே பாருங்க."

பொய் சொல்லிக் கொஞ்சம் நேரம் வாங்க நினைத்தவனுக்கு இருந்த நேரமும் போயிற்று. நீதிபதி அறைக்குள் வந்தார். சுவரில் தாத்தாவின் படம் அவனையே முறைத்தது. எழுந்து நின்றான்.

"பெரியப்பா, ஒரு தப்பு நடந்து..."

"படமெல்லாம் தயாருங்க." அக்கா குறுக்கே வந்து நீதிபதியிடம் ஒரு பென்டிரைவை நீட்டினாள். "முன்னாடி பெரிய திரையில போட்டுப் பார்க்கலாம்."

நீதிபதிக்கு மகிழ்ச்சி. பெரியப்பா சின்னவன் தோளில் பெருமையாகத் தட்டிவிட்டு அவரை அழைத்துப் போனார்.

சின்னவன் நாற்காலியில் சரிந்தான். "எப்படிக்கா? இங்க ஒரு படம்கூட இல்லையே. பேக்கப்பும் போச்சே."

அக்கா கதவை மெல்லச் சாத்தினாள்.

"ரெண்டுலயும் இருந்தது நகல்தான் தம்பி. நீங்க சேர்ந்த அன்னிக்கே முதலாளி சொல்லிட்டாரு, 'எங்க வீட்டுப் பிள்ளைன்னு எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லு, அசலை மட்டும் அவன் கண்ணுல காட்டிடாதே'ன்னு."