மழை ஊரில் ஒரு பாலைவனத் தொட்டி

வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவனை வீட்டில் கொஞ்ச காலம் பேசவே விடக்கூடாது. பேசிக் கெட்டவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

வளைகுடாவில் ஒரு பாலைவன ஊரில், ஓர் அரபி வீட்டுக் கொல்லையில் எனக்கு வேலை. ரங்கூன் திரும்பியதும் அதைப் ‘பண்ணை நிர்வாகம்’ என்று சொல்லிக்கொண்டேன். (கோழி எச்சம் அள்ளுவதும் நிர்வாகத்தில் சேர்த்திதானே.) அந்த அரபிக்கு மீன், செடி, கோழி மூன்றையும் ஒன்றாக வளர்ப்பதில் ஒரு பைத்தியம். மீன் அழுக்காக்கிய தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். அங்கே கூழாங்கல்லில் நிற்கிற செடிகள் அந்த அழுக்கைத் தின்று வளரும். தெளிந்த தண்ணீர் மறுபடி மீனுக்கே வரும். மிஞ்சிய கீரை கோழிக்கு. தண்ணீரைத் தங்கம் மாதிரி பார்க்கிற ஊரில் அது அருமையான ஏற்பாடு. அதை நான் அப்படியே தூக்கிக்கொண்டு, வருடத்தில் பாதி நாள் மழை கொட்டுகிற ரங்கூனுக்கு வந்து சேர்ந்தேன்.

வந்ததும் கல்யாணம். கல்யாணம் ஆனதும் தென் ஒக்கலப்பாப் பேட்டையில் மாமனார் வீட்டிலேயே குடித்தனம். மாமாவுக்கு நகரத்தில் கைலிக் கடை. பிள்ளைகள் இரண்டும் பெண்கள்: என் மனைவி சபுரா, அவள் தங்கை ரஹ்மா. ஆகவே கடையில் என்னை உட்கார வைப்பது என்று நிக்காஹ் பேசும்போதே மாமா முடிவு செய்துவிட்டார். எனக்கோ அதை நினைத்தாலே மூச்சு முட்டியது. காலையிலிருந்து கைலியைப் பிரித்துக் காட்ட வேண்டும், வாங்காமல் போனவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே அதை மடிக்க வேண்டும். இதற்கா நான் பாலைவனம் கண்டு வந்தேன்?

கொல்லை சும்மாதானே கிடக்கிறது, எனக்குக் கொடுங்கள் என்றேன். சோறு தின்னும்போது, குளிக்கப் போகும்போது, மாமா தொழுதுவிட்டு வரும்போது, எல்லா நேரமும் அதே பேச்சு. வாக்கியத்துக்கு ஒரு முறை ‘பாலைவனத்தில் என்ன செய்வோம் என்றால்’ என்று ஆரம்பிப்பேன். கடைசியில் மாமா தாங்க முடியாமல் சொன்னார்:

“சரி மாப்பிள்ளே. ரஹ்மா நிச்சயத்துக்கு விருந்து உங்க கொல்லையிலேருந்து வரட்டும். வந்தா கொல்லை உங்களுக்கு. வரலைன்னா மறுநாள் காலையில என்கூட பஸ் ஏறுங்க.”

ஒரு மீன்குழம்பிலும் கோழிக்கறியிலும் என் விடுதலை அடங்கியிருந்தது. மார்க்கெட் பக்கமே யாரும் போக வேண்டாம் என்று மார் தட்டிவிட்டு இறங்கினேன்.

பெரிய சிமெண்ட் தொட்டி கட்டினேன். ஜிலேபி மீன்குஞ்சுகளை வாங்கி விட்டேன். மாவ்பி என்ற ஊரிலிருந்து கோழிகள் வந்தன. கூழாங்கல்லில் நட்டது தண்ணீர்க்கீரை. வாசல் சாக்கடை ஓரத்தில் அந்தக் கீரை யாரும் கேட்காமலே மண்டிக் கிடந்தது என்பதை அன்று நான் கவனிக்கவில்லை. மாமா கவனித்தார். சும்மா முளைக்கிறதை மோட்டார் வைத்து வளர்க்கிற முதல் ஆள் என் மருமகன்தான் என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்.

அந்த மோட்டாரும் ஓடினால்தானே. எங்கள் பேட்டையில் ‘மீ’ முறை வைத்துத்தான் வரும். (மின்சாரத்துக்கு ரங்கூன் தமிழில் அதுதான் பெயர்.) அது இல்லாத நேரமெல்லாம் நானே வாளியால் மொண்டு மேலே ஊற்றினேன். அரபி வீட்டில் மோட்டார் செய்த வேலையை மாமனார் வீட்டில் மருமகன் செய்தான்.

வெயில் காலத்தில் கோழிக்கூண்டைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிட்டேன். பாலைவன முறை. தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தொட்டிமேல் கறுப்பு வலை போட்டேன். அதுவும் பாலைவன முறை. மழைக்காலம் தொடங்கிய பிறகாவது சாக்கை அவிழ்த்திருக்கலாம். முறை என்றால் முறைதான் என்று விட்டுவிட்டேன். கோழிகள் தும்மத் தொடங்கின. ஊருக்குப் பழகுகின்றன என்று சபுராவிடம் விளக்கம் கொடுத்தேன்.

இதெல்லாம்கூடப் பிழைத்துப் போயிருக்கும். என்னைக் கவிழ்த்தது என் பேராசை.

மூங்கில் வேலிக்கு அந்தப் பக்கம் டோ மியா என்ற பர்மியப் பெண்மணி. அவர் கணவர் ஊ தெய்ன் குளிர்காலத்திலிருந்தே படுத்த படுக்கை. கோடையில் கசோன் மாதப் பௌர்ணமி வரும்போது குளம் குட்டையெல்லாம் வற்றிக் கிடக்கும். புத்த சமயத்தார் உயிருள்ள மீனைப் பிடித்தோ வாங்கியோ பெரிய தண்ணீரில் கொண்டு விடுவார்கள். ஓர் உயிரைக் காப்பாற்றினால் நம் உயிருக்குப் புண்ணியம் என்பது கணக்கு. நோயாளியை விட்டுவிட்டு ஏரிவரை போக முடியாது, உங்கள் தொட்டியில் இரண்டு மீன் விடட்டுமா என்று டோ மியா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அப்படி விட்ட மீனை யாரும் தின்னக் கூடாது என்று அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஆனால் தண்ணீருக்குள் போன பிறகு எது யார் மீன் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? ஓசி மீன் வலிய வருகிறது. “இரண்டு என்ன, எத்தனை வேணும்னாலும் விடுங்க டோ மியா. உங்க தொட்டின்னே நெனச்சுக்கங்க” என்றேன்.

அவர் அப்படியே நினைத்துக்கொண்டார். பௌர்ணமியன்று தெருவே கிண்ணமும் வாளியுமாக வந்துவிட்டது. விரால், கெளுத்தி, பெயர் தெரியாத பாம்பு மாதிரி ஒன்று, எல்லாம் பிரார்த்தனையோடு உள்ளே இறங்கின. ஒருவர் கறிச்சட்டியிலிருந்து காப்பாற்றிய சேவலைக் காலில் சிவப்பு நாடா கட்டி என் கோழிகளோடு விட்டுப் போனார். நான் எல்லோருக்கும் டீ கொடுத்தேன். இத்தனை மீனை வைத்து விருந்து முடிந்து மிச்சத்தை விற்கலாமா என்றுகூட யோசித்தேன்.

சேவலின் அட்டகாசம் மறுநாளே ஆரம்பம். உயிருக்கு உத்தரவாதம் வாங்கியவன் எப்படி நடப்பான் என்பதை அதனிடம்தான் பார்த்தேன். தொட்டியில் மட்டும் சத்தமே இல்லை. வலைக்கடியில் தண்ணீர் பச்சை கட்டியிருந்ததால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஜிலேபி மீன் கண்ணிலேயே படவில்லையே என்று சபுரா கேட்டாள். அவை கூச்ச சுபாவம் உள்ளவை, அடியில் இருக்கும் என்றேன்.

நிச்சய நாள் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கியாக்தானிலிருந்து மதியம் வருகிறார்கள். காலையில் தூறலில் கைவலையோடு தொட்டியில் இறங்கினேன். மாமி மசாலா அரைத்து வைத்துவிட்டு அடுப்படி வாசலில் காத்திருந்தார். வலையைத் தூக்கினேன். விரால். மறுபடி தூக்கினேன். கெளுத்தி. இன்னொரு விரால், என் முழங்கை நீளத்துக்கு, கொழுகொழுவென்று. ஜிலேபி மீன் பெயருக்குக்கூட ஒன்று இல்லை. என் முதல் முழுவதும் தெருவாரின் புண்ணியத்தின் வயிற்றுக்குள் போயிருந்தது.

சரி, விரால் குழம்பு என்ன மட்டமா? அந்தக் கொழுத்ததை வாளியில் போடப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் டோ மியா கைகூப்பி நின்றார். பக்கத்தில், படுத்த படுக்கையாக இருந்த ஊ தெய்ன், கைத்தடி ஊன்றி, நின்றுகொண்டிருந்தார்.

“வால்ல வெட்டு இருக்குதுல்ல, அதுதான் தம்பி இவரு பேர்ல விட்டது” என்றார் டோ மியா. “அது உன் தொட்டியில எறங்கின வாரத்துலதான் இவரு எழுந்து உக்காந்தாரு. தண்ணி மாத்துறியா? மெதுவா புடி.”

ஊ தெய்ன் விராலையே பார்த்தார். என்னைவிட அது நன்றாகத் தேறியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். அவர் கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. என்னால் முடியவில்லை. தண்ணீர்தான் மாற்றுகிறேன் என்று பொய் சொல்லி, ஊ தெய்னை, அதாவது அந்த மீனை, பதவிசாகத் தண்ணீரில் இறக்கிவிட்டேன். பிறகு தொட்டிக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே வந்து மாமாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

மீன் போனால் கோழி இருக்கிறதே என்று கூண்டுக்கு ஓடினேன். அறுக்க வந்திருந்த பள்ளிவாசல் மோதினார் ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்தார். அது அவர் முகத்திலேயே தும்மியது. “தம்பி, இதுங்கள அறுக்கிறதா, கஷாயம் காய்ச்சிக் குடுக்கிறதா?” என்று கேட்டுவிட்டுக் கத்தியை உறையில் போட்டார். கொல்லையில் ஆரோக்கியமாக இருந்த ஒரே பறவை சிவப்பு நாடாச் சேவல். நான் அதைப் பார்த்தேன், அதுவும் என்னைப் பார்த்தது. அதற்குச் சட்டம் தெரியும்.

மாமா குடையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சம்பந்தி வீட்டார் வந்தபோது அடுப்பில் உலைகூடக் கொதிக்கவில்லை. ரஹ்மா அறைக்குள் அழுதுகொண்டிருந்தாள். பசியில் காலாற நடந்த மாப்பிள்ளையின் வாப்பா கொல்லைக்கே வந்துவிட்டார். கியாக்தானில் மீன் வியாபாரம் செய்கிறவர். கறுப்பு வலையைத் தூக்கி எட்டிப் பார்த்தார். நிச்சயம் முறிந்தது என்றே நினைத்தேன்.

“அட, எங்க ஊரு ஆத்து நடுவுல இருக்கிற பயா மாதிரியில்ல இருக்கு” என்றார். “அங்கயும் இப்படித்தான், ஆள் உசரத்துக்கு மீன். யாரும் தொட மாட்டாங்க. பொரி இருக்கா?”

பயா என்றால் புத்தர் கோயில். மாமா மார்க்கெட் பையோடு அப்போதுதான் கொல்லையில் நுழைந்தார், இது அவர் காதில் நன்றாக விழுந்தது. டோ மியா வேலிக்கு மேலாகப் பொரியை நீட்டினார். அரை மணி நேரம் சம்பந்தி வீட்டார் மொத்தமும் தூறலில் நின்று பொரி போட்டார்கள், பசியே தெரியவில்லை அவர்களுக்கு. சபுரா என் காதருகில் வந்து, “இத்தனை மாசமா நீங்க கட்டினது பண்ணையா, பயாவா?” என்று கேட்டாள். நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் நான் பஸ் ஏறினேன்.

அன்றைக்கு உட்கார்ந்தவன் இன்னும் கைலி மடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தின்ன முடியாத மீனுக்குத் தொட்டி எதற்கு, உடைத்துப் போடுங்கள் என்று மாமா வாரம் ஒரு முறை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று டோ மியா யாரையும் கேட்காமல் அவர் பேரில் ஒரு விரால் விட்டுவிட்டார். மாமா பிழைத்து வந்தார். பள்ளிவாசலில் கேட்ட துஆதான் காரணம் என்று அடித்துச் சொல்கிறார். ஆனால் அதற்குப் பிறகு தொட்டியை உடைக்கச் சொல்லி ஒரு நாளும் அவர் வாய் திறந்ததில்லை. காலையில் கடைக்குக் கிளம்புமுன், தண்ணீர் மட்டம் பார்க்கிறேன் என்று கொல்லைக்குப் போவார். சட்டைப் பையில் பொரி இருக்கும்.

வீட்டில் மீன்குழம்பு வைக்கிற நாளெல்லாம் என் மகள் தட்டின் முன் உட்கார்ந்து, அவளுக்கு நன்னாவான மாமாவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, என்னிடம் கேட்பாள்:

“வாப்பா, இது திங்கிற மீனா, நீங்க வளர்த்த மீனா?”