வாசலுக்கு வந்த எட்டரை மணி

இந்த உலகத்தில் நான் மனதாரத் திட்டிய மனிதர்களை வரிசைப்படுத்தச் சொன்னால், முதல் பத்து இடத்தையும் சிவப்புக்கோட்டருக்கே கொடுப்பேன். பதினோராவது இடத்தில்தான் என் புருசன் வருவார். அதுகூட அவர் கட்டாரில் இருப்பதால்தான். பக்கத்தில் இருந்திருந்தால் போட்டி கொஞ்சம் கடுமையாக இருந்திருக்கும்.

சிவப்புக்கோட்டர் எங்கள் அலுவலகத்தின் பிரதம லிகிதர், அதாவது தலைமை எழுத்தர். திருகோணமலை உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில், சீமெந்தும் கோதுமையும் கொண்டுவரும் கப்பல்களுக்குப் பத்திரங்கள் தயாரித்துக் கொழும்புக்கு அனுப்புகிற சின்ன அலுவலகம் அது. ஐந்து பேர், மூன்று கணினி, தலையை ஒரு பக்கம் மட்டும் திருப்பும் ஒரு மின்விசிறி. அவர் முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். வரும்போது அங்கிருந்த வழக்கம் ஒன்றையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். காலையில் எல்லோரும் வரவு இடாப்பில் கையெழுத்து வைக்க வேண்டும். எட்டரை ஆனதும் அடிமட்டத்தை வைத்துச் சிவப்புப் பேனையால் ஒரு கோடு கீறுவார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைப்பவர் பிந்தி வந்தவர். மூன்று தரம் கீழே போனால் அரைநாள் லீவு வெட்டு. தாய் தகப்பன் அவருக்கு வைத்த பெயர் ஏதோ ஒரு கோப்புக்குள் கிடந்தது. எங்களுக்கு அவர் சிவப்புக்கோட்டர்தான்.

நான் படியில் ஓடி வருகிற சத்தம் அவருக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டே கீறுவார்.

"நான் ஏறி வாற சத்தம் கேட்கேல்லையா ஐயா?"

"கேட்டது பிள்ளை. படிக்கு இடாப்பு இல்லை."

பிந்தியவர்கள் காரணமும் எழுத வேண்டும். கிண்ணியாவிலிருந்து வரும் ரஹீம் நானா ஒருநாள் கடுப்பில், "றோட்டில மான் நிண்டது" என்றார். எங்கள் ஊர் மான்களுக்குத் தெருவும் ஒன்று, காடும் ஒன்று. நடுறோட்டில் படுத்திருந்தால் பஸ்ஸே நின்றுதான் போகும். சிவப்புக்கோட்டர் சிரிக்கவில்லை. காரணத்துக்கான கட்டத்தில் "மான்" என்று எழுதினார். அடுத்தநாளும் மான் என்றபோது, "அதே மானோ, வேற மானோ?" என்று கேட்டுவிட்டு, பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தார்.

எனக்கு அந்தப் பகிடி எதுவும் பகிடியாகத் தெரியவில்லை. என் மகளுக்கு அப்போது நாலு வயது. விடிந்தால் இழுப்பு. அன்புவழிபுரத்து வீட்டில் அவளையும் என்னையும் தவிர ஆளில்லை. நெபுலைசரைப் பிடித்து, மூச்சுச் சீராகிற வரை மடியில் வைத்திருந்து, பக்கத்து வீட்டு மலர் அக்காவிடம் விட்டுவிட்டு ஓடி வந்தால் எட்டு முப்பத்திரண்டு. சிவப்பு. எட்டு முப்பத்தொன்று. சிவப்பு. இப்படியே வருட நடுவில் என் லீவு முழுவதும் தீர்ந்தது. பிள்ளையை ஆஸ்பத்திரியில் மறித்து வைத்த அன்று எடுக்க ஒரு நாள் லீவுகூட எனக்கு மிச்சமில்லை. கந்தோர் கக்கூசுக்குள் நின்று அழுதேன். ஆனால் காரணம் எழுதும்போது எப்போதும் "பஸ்" என்றே எழுதினேன். என் பிள்ளையின் மூச்சை எழுதிக் காட்டி இந்த மனுசனிடம் கெஞ்சுவதா என்ற வீம்பு எனக்கு.

பிறகு நாட்டில் பெற்றோல் இல்லாத காலம் வந்தது. எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்தபோது, ஊரே வரிசையில் நின்று நாட்டைத் திட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் மனதுக்குள் பொங்கல் பொங்கினேன். இனி எனக்குக் கோடு இல்லை.

முதல் நாள் காலை. நைற்றியோடு தேத்தண்ணியும் கையுமாக, மகளை மடியில் வைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறக்கிறேன். வாசலில் சைக்கிள் மணி. எட்டிப் பார்த்தால் சிவப்புக்கோட்டர். கழுத்தில் டை, காற்சட்டைக் காலில் கிளிப், சைக்கிள் கரியரில் பொலித்தீன் பையில் சுற்றிய இடாப்பு, அதன் மேல் அடிமட்டம்.

"கையெழுத்து," என்றார்.

"ஐயா, இது வீடு."

"வீட்டில இருந்து வேலை எண்டுதான் கடிதம். வேலை எண்டால் இடாப்பு."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். எனக்குக் காதால் புகை வந்தது. கையெழுத்தை வைத்தேன். அவர் கேற்றுத் தூணில் இடாப்பைச் சாய்த்து வைத்துக் கோடு கீறினார். பிறகு எட்டிப் பார்த்து, "கணினி குசினி மேசையிலயோ இருக்கு?" என்றார். ஓம் என்றேன். "குசினியில கந்தோர் நடத்தேலாது. கறிச்சட்டிக்குப் பக்கத்தில கப்பல் பத்திரம் இருக்கக் கூடாது." அடுத்தநாள் வந்தபோது மேசை நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். நகர்த்தவில்லை. "குசினி" என்று இடாப்பில் எழுதிவிட்டுப் போனார்.

வீட்டிலிருந்து வேலை என்பதும் நான் நினைத்த சுகமாக இருக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கந்தோரில் இருந்தால் எட்டு மணித்தியாலமாவது இன்றைக்கு என்ன கறி என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். வீட்டிலோ கொழும்பு ஒரு காதில், குக்கர் மறு காதில். கரண்ட் வரும்போது சிக்னல் போகும். சிக்னல் வரும்போது கரண்ட் போகும். கிணற்றடியில் தேசிமரத்துக்குக் கீழே மட்டும் சிக்னல் நின்று பிடிக்கும். அங்கே கதிரையைப் போட்டுக் கோதுமைக் கப்பல் ஒன்றின் பத்திரத்தை முடித்துக்கொண்டிருக்கும்போது தெருவில் போன ஒருத்தி மதிலுக்கு மேலால் எட்டி, "வீட்டில சும்மாதானே இருக்கிறீங்கள், இந்தக் கீரையை ஒருக்கா ஆய்ஞ்சு தாங்கோவன்" என்றாள். அந்தச் "சும்மா"வைக் கேட்டு எனக்கு வந்த கோபத்துக்குக் கீரையோடு சேர்த்து அவளையும் ஆய்ந்திருப்பேன்.

ஒரு மாதம் போனபிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். சிவப்புக்கோட்டர் கோடு கீறப் போகும்போது என் போனில் ஒன்பது பத்து. இடாப்பில் அவர் எழுதியிருப்பதோ எட்டரை. கேற்றுக்கு வெளியே நின்று, கைமணிக்கூட்டின் திருகை இழுத்து முள்ளைப் பின்னுக்குத் திருப்பிக்கொண்டிருந்தவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

"ஐயா, இப்ப ஒம்பது பத்து."

"உங்கட கந்தோர்ல எட்டு இருபத்தைஞ்சு. லிங்கநகர் வீட்டில கோடு கீறிப்போட்டு வாறன். இடாப்பு வந்தாத்தானே கந்தோர் திறக்கும்."

"அப்ப நேரத்தை மாத்தி எழுதிறீங்கள்."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "இடாப்பில மாத்தேலாது பிள்ளை. மணிக்கூட்டைத்தான் மாத்தலாம்."

நாலு வீட்டுக்கு ஒரே நேரத்தில் போக முடியாது. நாலு எட்டரையை எழுதாமலும் விட முடியாது. பொய் எழுத அவருக்குக் கை வராது. அதனால் ஒவ்வொரு வாசலிலும் நேரத்தையே பின்னுக்கு இழுத்து, அந்த வீட்டுக்கு உண்மையான ஓர் எட்டரையை உண்டாக்கிக்கொண்டு போனார். கிண்ணியாப் பாலம் தாண்டி மூச்சு வாங்க மிதித்துப் போய், ரஹீம் நானாவுக்கு எட்டரை காட்டும்போது பகல் பதினொன்றாகிவிடுமாம். "எங்கட வீட்டில ரெண்டு தரம் விடியுது" என்பார் நானா.

ஒரு புதன்கிழமை விடியவே மகளுக்கு இழுப்பு. நெபுலைசர் பிடிக்கக் கரண்ட் இல்லை. ஓட்டோவுக்குப் பெற்றோல் இல்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன், ஓடினேன், யாரோ ஒருவர் சைக்கிளில் ஏற்றிப்போய் ஆஸ்பத்திரி வாசலில் விட்டார். அவளுடைய உதடு பழைய நிறத்துக்கு வரும்வரை எனக்குக் கப்பலும் தெரியாது, கொழும்பும் தெரியாது. லீவு சொல்லவில்லை. சொல்ல லீவும் இல்லை.

திரும்பி வரும்போது பதினொன்று நாற்பது. என் வீட்டுக்கு முன்னால் மதகில், கொதிக்கிற வெயிலில், தலையில் லேஞ்சியைப் போட்டுக்கொண்டு, மடியில் இடாப்போடு சிவப்புக்கோட்டர்.

அந்தக் காலை முழுவதும் எனக்குள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவர் மேல்தான் கொட்டியது. "பிடிக்கவோ காத்துக்கொண்டு நிண்டனீங்கள்? கீறுங்கோ. ஒண்டு காணாது, பத்துக் கோடு கீறுங்கோ. உங்கட கோட்டால என்ர லீவு முழுக்கப் போச்சுது. என்ர பிள்ளை கட்டிலில கிடக்கேக்க பக்கத்தில இருக்க எனக்கு ஒரு நாள் இல்லாமப் போச்சுது. நீங்களும் ஒரு மனுசனோ?"

தெருவில் எல்லாக் கேற்றும் திறந்துவிட்டன. மலர் அக்கா ஓடி வந்து பிள்ளையை வாங்கினாள். சிவப்புக்கோட்டர் முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்து, எழும்பி, லேஞ்சியை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, இடாப்பை விரித்து, பேனையை நீட்டினார். தாள் கிழிகிற மாதிரிக் கையெழுத்து வைத்தேன். கோடு கீறினார். சைக்கிளில் ஏறிப் போனார். ரஹீம் நானாவுக்கு அன்றைக்கு எட்டரை பின்னேரம் மூன்று மணிக்குத்தான் வந்ததாம்.

சில மாதத்தில் பெற்றோல் வந்தது, நாங்களும் கந்தோருக்குத் திரும்பினோம். கூடவே கொழும்பிலிருந்து இன்னொரு கடிதம். ஐந்து பேரில் ஒருவரைக் குறைக்கப் போகிறார்களாம். அந்த ஒருவர் நான். குறித்த ஒரு புதன்கிழமை காலை முழுவதும் என் கணினி மூடிக் கிடந்ததாம். சீமெந்துக் கப்பலின் பத்திரம் பின்னேரம்தான் போய்ச் சேர்ந்ததாம். விளக்கம் கேட்க சூமில் வரச் சொன்னார்கள். பிரதம லிகிதர் இடாப்போடு வர வேண்டும் என்றும் எழுதியிருந்தது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

சூமில் பேசும்போதும் சிவப்புக்கோட்டர் எழும்பி நின்றுதான் பேசுவார். அதனால் கொழும்பு மனேஜருக்குத் தெரிவது எப்போதும் அவருடைய டை மட்டும்தான். அன்றைக்கு அந்த டையையும் மறைத்துக்கொண்டு இடாப்பைக் கமராவுக்கு முன்னால் பிடித்தார்.

"அந்தப் புதன்கிழமை வரியைக் காட்டுங்க," என்றார் மனேஜர்.

காட்டினார். நானும் அப்போதுதான் பார்க்கிறேன். தாள் கிழியப் பார்த்த என் கையெழுத்து. நேரம் எட்டு இருபத்தொன்பது. சிவப்புக் கோடு அதற்குக் கீழே.

மனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "பன்னிரண்டு மணிக்குத்தானே கணினியே திறந்திருக்கு. எட்டு இருபத்தொன்பதுக்கு எப்படிக் கையெழுத்து வைப்பாங்க?"

"அவங்கட கந்தோர் அண்டைக்குப் பிந்தித்தான் திறந்தது சேர். நான் வாசலில இருந்து பாத்துக்கொண்டுதான் இருந்தனான். பிரதம லிகிதர் இடாப்பை விரிக்காமல் எட்டரை ஆகாது."

"அப்போ எட்டரை எத்தனை மணிக்கு ஆச்சு?"

"பதினொண்டு நாப்பதுக்கு, சேர்."

எனக்குப் பக்கத்தில் ரஹீம் நானா வாயைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே குனிந்துவிட்டார்.

"கப்பல் வர முதல் பத்திரம் வந்ததோ, பிறகு வந்ததோ சேர்?" என்று சிவப்புக்கோட்டர் திருப்பிக் கேட்டார்.

"முதல்தான். ஆனால் ஒருவரைக் குறைக்கச் சொல்லித்தான் எங்களுக்கு..."

"ஒராள் குறைய வேணுமெண்டால் நான் குறையிறன். எனக்குப் பென்சன் இருக்கு. இந்தப் பிள்ளை கோட்டுக்கு மேல."

இடாப்பை மூடினார். அவ்வளவுதான், அலுவல் முடிந்தது.

படியில் துரத்திக்கொண்டு போனேன். எனக்கு வந்தது நன்றியல்ல, கோபம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் வேலைக்குத் தன் வேலையைக் கொடுக்க இவர் யார்? "ஏன் ஐயா இப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கத்தினேன்.

"கால் நோகுது பிள்ளை. கிண்ணியாவுக்கு மிதிச்சு மிதிச்சு முழங்கால் சிரட்டை கழண்டு போச்சு."

அடுத்தநாள் அவருக்கு ஒரு சொக்கலேட் பெட்டி வாங்க நின்றதில் கந்தோர் வாசலுக்கு வர எட்டு முப்பத்தொன்று. கோடு கீறியாகிவிட்டது. "காரணம்?" என்றார். நான் பெட்டியை மேசையில் அடித்து வைத்தேன். "சொக்கலேட்" என்று எழுதினார்.

அவர் போனபிறகு சுவரில் விரல் வைக்கிற மெசின் ஒன்றைப் பூட்டினார்கள். இப்போது எனக்குக் கிழமையில் மூன்று நாள் கந்தோர், இரண்டு நாள் வீடு. மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நேற்று எட்டு நாற்பதுக்கு வந்து விரலை வைத்தேன். மெசின் கீச் என்றது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. போனை எடுத்து அவருக்கு அடித்தேன்.

"ஐயா, நான் இண்டைக்குப் பிந்தினனான்."

"எத்தினை நிமிசம்?"

"பத்து."



"மகளுக்குத் திரும்பவும் இழுப்போ?"

"இல்லை ஐயா, அவள் நல்ல சுகம். நான்தான் நித்திரையாப் போனன்."

"அப்பக் கோட்டுக்குக் கீழதான் பிள்ளை."

"ஓம் ஐயா," என்றேன். அவர் வைக்கும் வரைக்கும் நான் போனை வைக்கவில்லை.