உளுந்துக்காக எட்டாவது கை

கார்ல்ஸ்ரூஹே, ஜெர்மனி
13-1-1973, சனிக்கிழமை, மாலை 5 மணி 20 நிமிடம். தூக்கிய கைகள் ஏழு. வேண்டியது ஏழே மூன்றில் ஒன்று.

மதிப்பிற்குரிய குருமூர்த்தி அத்திம்பேருக்கு சேதுராமன் நமஸ்காரம். இங்கே நானும் குளிரும் சௌக்கியம். அங்கே அக்காவும் நீங்களும் உங்கள் கட்சிக்காரர்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நீங்கள் எழுதித் தந்த சட்டத்தில் ஒன்பதாம் விதியைத்தான் கேட்கிறேன். எந்தத் தீர்மானத்தையும் தலைவர் வீட்டோ செய்யலாம், மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு கை தூக்கினால் அந்த வீட்டோ செல்லாது. சங்கத்தில் பதினொரு பேர். வக்கீல் ஒரு தடவை வகுத்துப் பார்த்திருக்கக் கூடாதா?

நாளை பொங்கல். சுந்தரராஜன் மதராஸிலிருந்து சட்டைகளுக்கு நடுவே ஒளித்துக் கொண்டுவந்த இரண்டு கிலோ உளுந்து மத்தியானத்திலிருந்து ஊறுகிறது, இந்த ஊரில் வேறு உளுந்து கிடையாது. அதை அரைக்கப் பழைய வாஷிங் மெஷின் மோட்டாரை வைத்து நானே ஒரு கிரைண்டர் செய்திருக்கிறேன், சங்கமும் சரியென்றது, ஆனால் தலைவர் பார்த்தசாரதி, கணக்கில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவர், "ஹாஸ்டல் ஃப்யூஸ் போயிடும், வார்டன் அம்மா கிச்சனைப் பூட்டிடுவா" என்று வீட்டோ போட்டுவிட்டார். ஃப்யூஸ் பத்து ஆம்பியர், என் மோட்டார் எட்டுதான் இழுக்கும். யாருக்குப் புரிகிறது?

ஏழு கை எழுந்தது. "7.33, ரவுண்ட் பண்ணினா ஏழுதானே?" என்றேன்.

"பாலத்துக்கு 7.33 தூண் வேணும்னா ஏழோட நிறுத்திடுவியாடா?" என்றார் பார்த்தசாரதி.

"மூணுல ஒரு பங்கு ஆளை எங்கேர்ந்து பிடிச்சுண்டு வர்றது?" என்று அம்பிகா சிரித்தாள்.

அப்போது எட்டாவது கை எழுந்தது. பார்த்தசாரதியின் கை!

"உங்க வீட்டோவை நீங்களே தோற்கடிக்கறேளா?" என்றேன்.

"வீட்டோ மினிட்ஸ்ல ஏறியாச்சு. இனிமே ஃப்யூஸ் போனா பொறுப்பு உன்னோடது. எனக்கும் வடை வேணும்."

இது சட்டப்படி செல்லுமா என்று உடனே எழுதவும். செல்லாது என்றால் மெதுவாகவே எழுதவும். ஒன்பதாம் விதி நீடூழி வாழ்க. அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
சேதுராமன்

பி.கு.: மணி ஏழு. மோட்டார் கிளம்பும்போது நாலு மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். மூன்று மாடியும் இருட்டு. கிச்சனுக்குப் பூட்டு, உளுந்து உள்ளே. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். இனிச் செய்யப் போவது:

1. வார்டன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பது. ஜெர்மனில் அழ எனக்கு வராது, அம்பிகா வருவாள்.
2. சாவி கிடைத்தால், சுந்தரராஜனின் கெமிஸ்ட்ரி லேபிலிருந்து உள்ளங்கை அகலக் கல்வத்தை வாங்கி, இரண்டு கிலோவையும் அதிலேயே அரைப்பது.
3. தலைவரின் வீட்டோவை எத்தனை கை எழுந்தாலும் மீற முடியாது என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருவது.
4. மீற முடியாவிட்டால் பொறுப்பு அவர் தலையிலேயே நிற்கும் என்பதால், அதைப் பார்த்தசாரதி நிச்சயம் வீட்டோ செய்வார். அப்போது கையைத் தூக்காமல் உட்கார்ந்திருப்பது.