செல்வம் மாமா ராஜாவைக் கொன்ற கதை

படிப்பு வராதவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. குறுக்குவழியில் படிக்கிறவர்களால்தான் குடும்பங்கள் பிரிகின்றன. நான் இரண்டாவது வகை.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தபோது எங்களுக்கு ஒரு பழைய துன்பியல் நாடகம் பாடமாக இருந்தது. ஐந்து அங்கம், ஏழெட்டுப் பிணம். கதை புரிந்துவிட்டது, பெயர்கள்தான் வாயில் நுழையவில்லை. காமயகவுண்டன்பட்டியிலிருந்து கல்லூரிக்குப் போகிற டவுன் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டே ஒரு வழி கண்டுபிடித்தேன். (உட்கார இடம் கிடைத்திருந்தால் தூங்கியிருப்பேன், எல்லாரும் நன்றாக இருந்திருப்பார்கள்.) பாத்திரங்களுக்குச் சொந்தக்காரர்களை வைத்து, தமிழில் கதைச் சுருக்கம் எழுதினேன். ராஜா, அப்பா. ராணி, அம்மா. ராஜாவுக்கு விஷம் வைக்கிற ராணியின் தம்பி, செல்வம் மாமா. நாடு என்று எழுதினால் மனதில் நிற்கவில்லை; எங்கள் திராட்சைத் தோட்டம் என்று மாற்றினேன், நின்றது.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் மாமா வீட்டுக்கு வந்தார். அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். தாய்மாமன் வந்து மாலை போடாமல் எங்கள் வீட்டில் பெண் மணவறை ஏறாது. பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பட்டியல் எழுத மாமாவுக்கு ஒரு தாள் வேண்டியிருந்தது. என் நோட்டை எடுத்தார்.

நானும் அம்மாவும் அடுப்படியில் கோழிக் குழம்பு இறக்கிக்கொண்டிருந்தோம். வெளியே வந்தபோது மாமா படித்துக்கொண்டிருந்தார். (வடை சுற்றி வந்த தாளைக்கூடக் கடைசி வரி வரை படிக்கிறவர்.) நோட்டில் இப்படி எழுதியிருந்தேன்:

'அங்கம் ஒன்று: தோட்டத்துக்கு ஆசைப்பட்டு செல்வம் மாமா அப்பாவுக்கு விஷம் வைக்கிறார். அங்கம் இரண்டு: அம்மாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறாள். அங்கம் நான்கு: மாமாவை விருந்துக்கு அழைத்து அதே விஷத்தை வைக்கிறோம்.'

அம்மா அவர் முன்னால் இலை போட்டு, சோறு வைத்து, குழம்பை ஊற்றினாள்.

மாமா இலையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, ஒனக்கும் தெரியுமா?"

"என்னத்தடா?"

நோட்டை அப்பாவிடம் நீட்டினார். அப்பா நிதானமாகப் படித்தார். "நான் மொத அங்கத்துலயே செத்துட்டேன் மாப்ள. எனக்கே கோவம் வரல."

"அது பரீச்சைக்கு மாமா, இங்கிலீசு நாடகம்" என்று ஓடிப்போய்ப் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினேன்.

"இதுல எம்பேரு எங்கன இருக்கு?"

"இதுல இல்ல மாமா. மறக்காம இருக்க நானாப் போட்டேன்."

"கொலகாரன்னா ஒனக்கு என் நெனப்புத்தான் வருதா ஆத்தா?"

அவர் மடியில் உட்கார வைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். எந்தப் பெயர் மறந்தாலும் அவர் பெயர் மறக்காது, அதனால்தான் அதைப் போட்டேன். இதை அப்போது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "மீசை, மாமா."

மாமா எழுந்துவிட்டார். "கல்யாணத்துக்கு வேற மாமனப் பாத்துக்கங்க மச்சான்."

உள்ளே அக்கா அழ ஆரம்பித்தாள். அம்மா உட்கார்ந்து, அந்த இலையிலிருந்து ஒரு கவளம் பிசைந்து வாயில் போட்டு விழுங்கினாள்.

"செத்தா ரெண்டு பேரும் சேந்தே சாவோம். உக்காந்து தின்னுடா."

மாமா அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் கவனித்தார். மாற்றம் ஒன்றும் தெரியாததால் உட்கார்ந்தார். மூன்று தடவை சோறு வாங்கினார்.

மறுநாள் தேர்வில், வில்லனின் குணநலன்களை விளக்கச் சொல்லியிருந்தார்கள். எல்லாப் பெயரும் மறந்து, ஒன்றே ஒன்று மட்டும் நின்றது. நான்கு பக்கத்துக்குச் செல்வம் என்றே எழுதிவிட்டு வந்தேன். அரியர்.

கல்யாணத்துக்கு மாமா சீர்வரிசையோடு வந்தார், மாலையும் போட்டார். பந்தியில் மட்டும் இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். அம்மா வந்து முதல் கவளத்தைத் தின்ற பிறகுதான் சாப்பிட்டார். மாப்பிள்ளை வீட்டார் தேனிக்காரர்கள். அத்தானின் அம்மா, "இது என்ன மொறை?" என்று கேட்டார். சம்பந்தியிடம் கொலை விவரத்தை எப்படிச் சொல்வது?

"எங்க ஊரு வழக்கம்" என்றார் அப்பா. "அக்கா ஒரு வாய் எடுத்தாத்தான் தாய்மாமன் சாப்புடுவாக."

சென்ற ஆவணியில் அத்தானின் தங்கைக்குத் தேனியில் கல்யாணம். பந்தியில் பெண்ணின் தாய்மாமன் இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அத்தானின் அம்மா வந்து பயபக்தியோடு ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். புதுச் சம்பந்திகள் விழித்தார்கள். "காலங்காலமா உள்ள வழக்கம்" என்று அத்தான் வீட்டுப் பெரியவர் ஒருவர் விளக்கினார்.

எனக்குப் பக்கத்து இலையில் இருந்த செல்வம் மாமா தலையை ஆட்டிக்கொண்டார்.

"அந்தக் காலத்து ஆளுக காரணம் இல்லாமயா செஞ்சிருப்பாக."