ஹாஜியாரின் பல்லும் ஈர நெல்லும்

"வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின். ஹாஜியாரின் பல்லடைப்பு மூன்றாம் முறையும் விழுந்தது. கண்ணால் கண்டேன்."

எனது நாட்குறிப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறது. ஊர்ச் சங்கதிகளை நாள், கிழமை தவறாமல் எழுதிவைப்பது என் வழக்கம். வெள்ளம் வந்திருக்கிறது, தேர்தல்கள் வந்திருக்கின்றன. ஆனால் அதிகப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டது இந்த மனிதரின் ஒற்றைப் பல்தான். நிந்தவூர் முதல் வரிப்பத்தான்சேனை வரை தன் பல்லை இவரைப் போல நம்பியவரும் இல்லை. நம்பிய பல்லை இவரைப் போல வதைத்தவரும் இல்லை.

ஊருக்கு அவர் நெல்லுக்கடி ஹாஜியார். நெல் வியாபாரி, என் பக்கத்து வீட்டுக்காரர். நெல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார். 'டக்' என்று உடைந்தால் காய்ந்தது. நசிந்தால் இன்னொரு வெயில் போட வேண்டும். மற்ற வியாபாரிகள் ஒன்றிரண்டு மணியோடு நிறுத்துவார்கள்; இவர் மூடைக்கு மூடை கடிப்பார். ஈரம் பார்க்கும் மீற்றர் ஒன்றும் சட்டைப் பையில் இருக்கிறது. முதலில் அதில் பார்ப்பார். பிறகு மீற்றர் சொன்னது உண்மையா என்று கடித்துப் பார்ப்பார்.

இப்படிக் கடித்ததிலும், விறைத்த பிரஷால் குறுக்கே அரம் போடுவதுபோலத் தேய்த்ததிலும், இடப்பக்கக் கீழ்ப்பல் ஒன்று ஈறை ஒட்டிப் பள்ளமாகிவிட்டது. மரத்தின் அடியில் கோடரி விழுந்த மாதிரி. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அவர் போடும் சத்தம் என் வீட்டு அடுப்படி வரை கேட்கும். அந்தப் பக்கத்தில் மெல்வதற்கு அவரிடம் எஞ்சியிருந்ததும் அந்த ஒரு பல்தான். ஆகவே என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கல்முனைக்குக் கொண்டுபோனேன். டொக்டர் ஓர் இளம் பெண். அன்றைக்குப் பொறுமைசாலியாக இருந்தார்.

"ஒண்டும் நோகாது, ஹாஜியார். பள்ளத்தச் சுத்தமாக்கி, ஒட்டுற மருந்து பூசி, பல்லு நிறத்துப் பசையால அடைக்கிறதுதான். எச்சில் பட்டா மட்டும் ஒட்டாது. காயோணும்."

காயோணும் என்றதும் ஹாஜியார் கதிரையில் நிமிர்ந்தார். அதன்பிறகு வேலை நடக்கவில்லை, விசாரணைதான் நடந்தது.

"இன்னும் காத்து ஊதுங்க மகள். ஈரம் இரிக்கி."

"கூடக் காஞ்சாலும் ஒட்டாது, ஹாஜியார். லேசா மினுங்கோணும்."

"அல்லாஹ்! அப்ப நெல்லு மாதிரித்தான். கூடக் காஞ்சா மில்லுல நொறுங்கிரும். தம்பி, இந்தப் புள்ளைக்கு விசயம் தெரியும்!"

சொல்லி முடிப்பதற்குள் எச்சில் பட்டுவிட்டது. டொக்டர் முதலிலிருந்து தொடங்கினார். கடைசியில் நீல விளக்கைப் பிடித்துப் பசையை இறுக்கியபோதும் இவர் விடவில்லை.

"இந்த நீல வெயில் காணுமா மகள்? இன்னொரு வெயில் போடுங்களன்."

டொக்டர் கதவோரம் நின்ற என்னையும் கூப்பிட்டுச் சொன்னார்: "நெல்லுக் கடிக்கவே கூடாது. கடிக்கிற பாரமெல்லாம் பல்லுட கழுத்துலதான் வந்து நிக்கும். அடைப்புத் தெறிச்சிரும்."

"விளங்கிட்டு மகள்," என்றார் ஹாஜியார்.

அந்த விளக்கம் எங்கள் ஊரான நிந்தவூர் வரை வந்து சேரவில்லை. காரைதீவு தாண்டியதும் வீதியோரத்தில் யாரோ படங்கு விரித்து நெல் காயவைத்திருந்தார்கள்.

"தம்பி, ஒருக்கா நிப்பாட்டுங்க."

"எதுக்கு?"

"சும்மா பாக்க."

பார்த்தார். டக்! நெல் நன்றாகக் காய்ந்திருந்தது. அடைப்பு படங்கில் கிடந்தது.

இரண்டாவது அடைப்பு, மற்றப் பக்கத்தால் கடிப்பதாகச் சத்தியம் செய்துவிட்டு மறந்ததில் போயிற்று. மூன்றாவதுதான் அந்த வெள்ளிக்கிழமை.

"நான் கடிக்கல்ல தம்பி. மீற்றர் பிழையா எண்டுதான் பாத்தன்."

"எதால பாத்தீங்க?"

மீற்றரைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

நான்காம் முறை அடைத்தபோது டொக்டர் சிரிக்கவில்லை. "இதுவும் விழுந்தா அடைக்க இடமில்ல, ஹாஜியார். பல்லு கழுத்தோட முறிஞ்சிரும். புடுங்கத்தான் வேணும்."

திரும்பும் வழியில் ஹாஜியார் வீதியோரப் படங்குகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்குப் பயமாகப் போய்விட்டது.

அடுத்த கிழமை அறுவடை தொடங்கியது. பல்லுக்குக் காவலென்று நானும் வயல்வட்டைக்குப் போனேன். ஹாஜியார் மீற்றரைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். கை வாய்க்குப் போயிற்று.

"தாங்க இங்க!" என்று மணியைப் பறித்து என் வாயில் போட்டுக் கடித்தேன்.

அவர் என் தாடையில் காதை வைத்தார். "என்ன சத்தம்?"

"டக்."

"டக்கா, டொக்கா?"

"டக் எண்டு சொல்றன் மனிசன்!"

"வடிவாக் கடிங்க. அவசரப்படாம."

நெல்லை விற்கும் வயல்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "என்ன தம்பி, நீங்களும் யாவாரத்துல இறங்கிட்டீங்களா?"

"பல்லு மட்டும் என்ட," என்றேன். "மத்ததெல்லாம் ஹாஜியாருட."

அன்றிலிருந்து மூடைக்கு மூடை நான்தான் கடிக்கிறேன். ஒரு தடவைகூட மீற்றர் சொன்னதற்கு மாறாக நெல் சொன்னதில்லை. அதைச் சொன்னால், "அதத்தானே தம்பி பாக்கிற," என்கிறார்.

அறுவடை முடியப்போகிறது. அடைப்பு அசையவில்லை; டொக்டரே பார்த்துச் சொன்னார். என்னுடைய வலப்பக்கக் கீழ்ப்பல் ஒன்று மட்டும் சில நாட்களாகக் கூசுகிறது. அது நெல்லால் வந்ததுதானா என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை. டொக்டரிடம் காட்டினால் தெரிந்துவிடும். ஆனால் ஹாஜியாருக்கும் தெரிந்துவிடும். மறுநாளே தானே கடிக்கத் தொடங்கிவிடுவார்.

கடைசி மூடை ஏறட்டும்.